அக்கா பாதியில் நிறுத்திய மெட்டு

அவனை எல்லோரும் லூப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. பதினைந்து விநாடி நீளத்துக்கு ஓர் இசைத்துண்டைப் போட்டு, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பானே தவிர ஒன்றையும் முடிக்கமாட்டான். அப்படிச் சுற்றிச் சுற்றி வரும் துண்டுக்கு லூப் என்று பெயர். அது அவன் மேலேயே ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தாறு. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. மாலையில் டெக்னோ.

டெக்னோ என்றால் பயப்படவேண்டாம். ஆடுவதற்கான இசை, அவ்வளவுதான். பாடுகிறவர் கிடையாது, பாட்டு வரி கிடையாது, கணினியில் செய்த அடி மட்டும் பிசகாமல் விழுந்துகொண்டே இருக்கும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மாடியேறி வந்து, "தம்பி, தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அடி போடுவது லூப்புவுக்குக் கைவந்த விஷயம். மெட்டுதான் வராமல் அழிச்சாட்டியம் செய்தது. டெக்னோ மெட்டு லேசுப்பட்டதில்லை. மேலே ஏறி, வளைந்து, உருகி, இறங்கிவர அதில் இடமில்லை. நாலைந்து சுரத்துக்குள் வேலை முடியவேண்டும். அதே சுரங்கள் ஆறு நிமிடம் வந்தாலும் ஆடுகிறவனுக்குச் சலிக்கக்கூடாது, வீட்டுக்குப் போனபிறகும் விடக்கூடாது. லூப்பு போடுகிற மெட்டிலோ சுரங்கள் காலை நேரத்துப் பஸ் கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

"ஏண்டா இவ்வளவு பேசுற?" என்பார் சவுண்டண்ணன். ஆட்டக் கூடங்களில் ஒலிபெருக்கி வேலை பார்க்கிறவர், லூப்புவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். "கேக்கறவனுக்கும் கொஞ்சம் இடம் விடு. நீ ஒரு சுரத்தை விட்டா அதை அவனே மனசுல போட்டுக்குவான். அங்கதான் மெட்டே இருக்கு."

லூப்புவின் மெட்டுக்குப் பரீட்சை அவன் அக்கா. ஐந்து வயது மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருந்தாள், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுத்துண்டு எதையாவது எடுத்துக்கொண்டு போய், அக்கா துணி மடிக்கும் அறையில் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டு, அவன்பாட்டுக்கு அக்கா மகளோடு விளையாடப் போய்விடுவான். காது மட்டும் அக்காவிடம் இருக்கும். அவள் தன்னையறியாமல் அதை முணுமுணுத்தால் மெட்டு தேறிவிட்டது என்று கணக்கு. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் முணுமுணுக்கவில்லை. அவன் மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சோப்புத்தூள் விளம்பரப் பாட்டை முணுமுணுத்திருக்கிறாள். அந்த அவமானத்தை யாரிடம் சொல்லி அழுவது?

போன வருடம் அம்மா இறந்துபோனாள். நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, நாற்பத்தொரு நாளும் அக்கா பக்கத்திலேயே இருந்தாள். லூப்பு இருந்தது மூன்று நாள். கடையில் லீவு தரவில்லை என்றான். கேட்டால்தானே தருவார்கள்? அவன் கேட்கவே இல்லை. அந்த வாடையும், அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டே இவன் யார் என்று யோசிப்பதும் அவனால் தாங்க முடியவில்லை. இருந்த மூன்று நாளும் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, மறுகாதை அம்மாவுக்கென்று திறந்துவைத்து, மடிக்கணினியில் அடி போட்டுக்கொண்டிருந்தான். கோழை என்று அவனைத் திட்டலாம். அவனே தன்னைத் திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டானே ஒழிய நான்காம் நாள் போகவில்லை.

அம்மா போய் எட்டு மாதம் கழித்து, கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோது அந்த மெட்டு வந்தது. மேலேறும் மூன்று சுரம், ஓர் இடைவெளி, மறுபடியும் அதே மூன்று சுரம். அதற்குமேல் ஒன்றுமில்லை. கீழே அடி நான்கு நான்காக விழ, மெட்டு மூன்று மூன்றாக நடந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் அது வேறொரு இடத்தில் விழுந்தது. பழகிய மாதிரியும் இருந்தது, பிடிபடாத மாதிரியும் இருந்தது. யாருக்கோ போகவேண்டிய லென்ஸை வேறு யாருடைய சட்டத்திலோ மாட்டிவைத்துவிட்டு, அரைநாள் லீவு சொல்லி வீட்டுக்கு ஓடினான். ஒன்பதே நாளில் முழுசாக முடித்தான். அவன் வாழ்க்கையில் முதன்முதலாக முடித்தது அது.

கேட்டுவிட்டு சவுண்டண்ணன் மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். "யாரோடது இது?" என்றார்.

"என்னோடதுண்ணே."

"அடப்பாவி," என்றார் அவர். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயில் கிடையாது.

அவர் தனக்குத் தெரிந்த இசை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். ஒரே வாரத்தில் பதில் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வெளியிடுகிறோம், மாற்றம் ஏதாவது இருந்தால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். லூப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு காலை ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அடி வந்தது, அவள் மடித்தாள். மெட்டு வந்தது. இரண்டாவது முறை வந்தபோது எழுந்து வந்து, கட்டைவிரலால் ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"எங்கடா புடிச்ச இதை?"

"நானே போட்டதுக்கா. நல்லா இருக்கா?"

"இது அம்மாவோட மிஷின்."

அவனுக்குப் புரியவில்லை. மருந்து ஏற்றுவதற்குக் கட்டிலருகே ஒரு பம்ப் இருந்ததே, பாட்டில் தீரும்போது மணியடிக்குமே, அது என்றாள்.

"அது சும்மா பீப் பீப்னு கத்தும்க்கா. இது மெட்டு."

"எனக்குச் சொல்றியா நீ?" என்று கேட்டுவிட்டு அக்கா அதை முணுமுணுத்தாள். மூன்று சுரம், இடைவெளி, மூன்று சுரம். இம்மி பிசகவில்லை. பதினோரு வருடமாக எதற்குக் காத்திருந்தானோ அது நடந்தேவிட்டது. அவனுக்கு அப்படியே ஓடிவிடவேண்டும் போலிருந்தது.

பிறகு அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மணி அடித்தால் இந்தப் பொத்தானை அமுக்குங்கள், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அதற்குள் நாங்கள் வந்துவிடுவோம் என்று நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நாற்பத்தொரு நாளில் எத்தனை தடவை அமுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசி நாள் மத்தியானமும் அடித்தது.

"நான் கண்ணைக்கூடத் திறக்கலடா. அமுக்கிட்டுக் கட்டில் ஓரத்துல தலைய வெச்சுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா சுத்தி அஞ்சு பேரு நிக்கிறாங்க. அம்மா போயிட்டாங்க."

"நீ போ," என்றாள் அக்கா. "பிள்ளை வர்ற நேரம். இந்த மூஞ்சியோட அவ முன்னாடி என்னால நிக்க முடியாது."

அன்றும் மறுநாளும் அவன் மெட்டை மாற்றிப் பார்த்தான். முதல் சுரத்தைத் தாழ்த்தினான், இடைவெளியைக் குறுக்கினான், நான்காவதாக ஒன்றைச் சேர்த்தான். எதை மாற்றினாலும் அது செத்துப்போயிற்று. அதை அப்படியே விட்டால்தான் உயிர் இருந்தது. ஒருவேளை அக்கா தவறாகச் சொல்லியிருக்கலாம், துக்கத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மா இருந்த வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது கட்டிலிலிருந்து அவனுடைய மெட்டு கேட்டது. இடைவெளி உட்பட.

"யாரைப் பாக்கணும்?" என்றார் அந்தப் பக்கம் வந்த நர்ஸ்.

"யாரையும் இல்லைங்க சிஸ்டர். அந்த மணிய யாராவது அமுக்கிட்டா, உள்ள இருக்கவங்களுக்கு ஏதாவது ஆகுமா?"

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது மருந்து தீருதுன்னு எங்களுக்குச் சொல்ற மணி. அமுக்கினா ரெண்டு நிமிஷத்துல திரும்ப அடிக்கும். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஏன், யாரு அமுக்கினது?"

புதன்கிழமை மாலை அக்கா வேலையிலிருந்து திரும்பும்போதே அவன் வாசலில் நின்றான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நர்ஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். பெரிய மருந்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் போல ஒரு பரபரப்பு.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "அன்னைக்கே டாக்டர் சொன்னாரு. தெரிஞ்சா போயிடுமா? நீ எத்தனை நாள்டா இருந்த அங்க?"

"மூணு நாள்."

"மூணே நாள்ல உனக்கு ஒரு மெட்டு கிடைச்சிருக்கு பாரு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "போடு," என்றாள். வேண்டாம் என்றான். "போடுன்னா போடு. நான் அதை முழுசாக் கேட்டதே இல்ல. ரெண்டு தடவை அடிச்சதும் அமுக்கிடுவேன்."

போட்டான். ஆறு நிமிடம். முதல் நிமிடத்தில் அவள் கட்டைவிரல் கைப்பையின் மேல் தானாக அமுங்கி அமுங்கி எழுந்தது. பார்க்கச் சகிக்காமல் அவன் நிறுத்தப் போனான். "கை வைக்காத," என்றாள். இசை பெரிதாகி, அடி நின்றுபோய், மெட்டு மட்டும் தனியாக ஒலித்து ஓய்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குடா. அதான் தாங்க முடியல."

"நீ வேணாம்னு சொன்னா நான் வெளியிடலக்கா. நீயே சொல்லு."

அவளுக்குக் கோபம் வந்தது. "அதையும் என் தலையில கட்டாத. அம்மாவுக்கு ஊசி போடலாமா, ஆபரேஷன் பண்ணலாமா, போதும்னு விட்டுடலாமா, எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். போன்ல நீ 'உன் இஷ்டம்க்கா'ன்னு சொன்ன. இது உன் பாட்டு. உன் பாடு."

வியாழக்கிழமை லூப்பு இயந்திரத்தில் லென்ஸை வைத்துவிட்டு, எடுக்க மறந்து, இரண்டை உடைத்தான். மத்தியானம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிறுவனத்துக்கு எழுதினான். வெளியிடவேண்டாம், மன்னிக்கவும், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மூன்றே வரி. இன்னொரு முறை இப்படி ஒன்று வருமா என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. சவுண்டண்ணன் ஜென்மத்துக்கும் பேசமாட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டான்.

"வேணாம்னு எழுதிட்டேன்க்கா."

"எனக்காகவா?" அவள் குரலில் எரிச்சல் இருந்தது.

"இல்ல. அதைக் கேக்கும்போது எனக்கு அம்மா ஞாபகமே வரலக்கா. நீ சொன்னதுக்கு அப்புறமும் வரல. உக்காந்து உக்காந்து கேட்டேன். நல்லா இருக்குன்னுதான் தோணுது. மூணு நாள் பக்கத்துல இருந்தேன், அம்மாவ விட்டுட்டு அதை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கேன்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட அலுவலகத்தில் யாரோ அக்காவை எதற்கோ கூப்பிடுவது கேட்டது. அவள் பதில் கொடுக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் வருதேடா," என்றாள். "அழிச்சிடாத அதை."

அழுகிறாள் என்று தெரிந்தது. கடைக்காரர் கதவைத் தட்டினார். லூப்பு திறக்கவில்லை. அவள் அழுது முடித்துப் போனை வைக்கும்வரை காதிலிருந்து எடுக்காமல் நின்றான்.