மாமாவின் லீவர் மெஷின்

பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்தபோது, அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. ‘நோன்.’ பிரெஞ்சில் ‘இல்லை’ என்று அர்த்தம். பசிக்கிறதா என்று கேட்டாலும் நோன். சாப்பிட்டது போதுமா என்று கேட்டாலும் நோன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கை ஆடியது, ஆனால் நினைத்த இடத்துக்குப் போகாமல் அதுவும் அடிக்கடி வழி தவறியது.

“நீங்க பேசறது அவருக்குப் புரியும்மா. திருப்பிச் சொல்லத்தான் வராது” என்று டாக்டர் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமா என் அக்காவின் கணவர். சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். டவுனுக்குள் இருக்காமல் பிள்ளைச்சாவடியில் கடல் பக்கமாக வீடு கட்டிக்கொண்டார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் அவர் யாரையும் தொடவிடாத ஒன்று, கைப்பிடி வைத்த பழைய எஸ்பிரஸ்ஸோ மெஷின். பட்டாள முகாமுக்குப் பக்கத்தில் இருந்த காபிக் கடையை மூடியபோது வாங்கியதாம். கல்யாண மண்டபத்தில் நுரை தள்ளும் எஸ்பிரஸ்ஸோ மெஷினைத்தான் நான் பார்த்திருந்தேன். இது வேறு. நீளக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே தடியான ஸ்பிரிங் சுருங்கும், சுடுதண்ணீர் இறங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் மெல்ல விரிந்து, பிஸ்டனைத் தள்ளி, தண்ணீரைக் காபித்தூள் வழியாகப் பிழியும். விரல் நீளக் கோப்பையில் கால்வாசிதான் வரும், தேன் மாதிரி. மாமா காலையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு அதைக் குடிப்பார். எனக்கு ஒருமுறை கொடுத்தார். கசப்பில் முகத்தைச் சுளித்தேன். “ஒனக்குப் பாலு ஊத்துன பாயசம்தான் லாயக்கு மச்சான்” என்று சிரித்தார்.

பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் சீல்கள் தேய்ந்துபோய் மெஷின் இரண்டு வருஷமாக ஓடவில்லை. பிரான்சில் இருக்கும் மகளிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவள் புது சீல்களைத் தபாலில் அனுப்பினாள். பொட்டலம் வந்த வாரம்தான் மாமா குளியலறையில் விழுந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு பகலெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மெஷினையே பார்த்தார். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“நீ மில்லுல பாய்லரையே கழட்டி மாட்டறவன். இத சரி பண்ண முடியாதா? பேசத்தான் முடியல, காபியாவது குடிக்கட்டுமே.”

முடியும் என்றுதான் நினைத்தேன். நான் இருக்கும் நெல்லித்தோப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிஎஸ் வண்டியில் ஸ்பானர் பையோடு கிளம்பிப் போனேன்.

மெஷினைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மாமாவின் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். உப்புக் காற்றில் திருகுகள் பச்சை பூத்து இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்ற வேண்டியிருந்தது. பாய்லருக்குள் சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஒரு வாரம் ஊற விட்டேன். மறு ஞாயிறு ஸ்பிரிங்கை எடுத்தேன். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் எகிறினால் தாடை உடையும். மரக்கட்டை வைத்து அமுக்கி, மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தபோது மாமாவின் முகத்தில் நன்றாக இருந்த பாதி சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பழைய சீல்கள் கருங்கல் மாதிரி இறுகி, கத்தியால் நெம்பியதும் துண்டு துண்டாக உதிர்ந்தன. புதியவை மூன்று, எப்படி மாட்டுவது என்று காட்டும் காகிதம் எதுவும் பொட்டலத்தில் இல்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பிஸ்டனில் ஏற்றினேன். பின்னால் மாமா, “நோன்” என்றார். நான் திரும்பவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்கிறார்.

“நோன், நோன், நோன்.”

“இதோ ஆச்சு மாமா. இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

மாட்டி முடித்து, தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைப் போட்டேன். அரை மணி நேரத்தில் சூடேறியது. அக்கா டவுனிலிருந்து வாங்கிவந்த தூளைப் போட்டுக் கைப்பிடியை இழுத்து விட்டேன். கைப்பிடி சட்டென்று பாதி மேலே போனது. பிஸ்டனுக்கு மேல் பக்கமாகத் தண்ணீர் பொங்கி என் மணிக்கட்டில் கொட்டியது. கோப்பையில் விழுந்தது பழுப்புத் தண்ணீர்.

மாமா இடது கையை மடியிலிருந்து தூக்கி, உள்ளங்கை மேலே வரும்படி புரட்டினார். மறுபடியும் கவிழ்த்துப் புரட்டினார். நம் ஊரில் அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம்? போச்சு, அவ்வளவுதான், ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

“அப்படிச் சொல்லாதீங்க மாமா. விட மாட்டேன்.”

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறுகள். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து வாஷர் கொடுத்து ஏற்றினேன். தூளை நைசாக அரைத்துப் பார்த்தேன். பாய்லர் வாயில் புது கேஸ்கெட் வெட்டிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பழுப்புத் தண்ணீர், அதே நோன், அதே கைப்புரட்டல். நான் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டி, “இதுவா மாமா? இதுவா?” என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் நோன். ஒரு நாள் அவர் நாற்காலிக் கையில் ஓங்கி ஓங்கி அடித்து அழுதார். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. அக்கா துடைத்துவிட்டாள்.

“அவரு என்னமோ சொல்றாருடா.”

“தெரியுதுக்கா. என்னன்னுதான் தெரியல.”

“நாப்பது வருசம் அந்த மெஷினோட இருந்திருக்காரு. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?”

அதுதான் என்னைத் தின்றது. பதில் அங்கே, எனக்கு இரண்டடி தள்ளி, ஒரு மனிதருக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க என் பையில் ஸ்பானர் இல்லை.

அந்த வாரம் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. குடிக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்கள். மறுபடி ஆஸ்பத்திரி. பத்து நாள் கழித்து அனுப்பும்போது, இனிமேல் தண்ணீராக எதையும் கொடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் கூழ் மாதிரி கெட்டியாக்கி ஸ்பூனில்தான் ஊட்ட வேண்டும் என்றார்கள். அக்கா கூவைக்கிழங்கு மாவு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவர் வீடு திரும்பிய நான்காம் நாள், எங்கள் தெரு முனை சைக்கிள் கடையில் வண்டிக்குக் காற்று அடிக்கப் போனேன். பம்பு எவ்வளவு அழுத்தியும் காற்று ஏறவில்லை. கடைக்காரர் பம்பைப் பிரித்து, கம்பி முனையில் இருந்த தோல் வாஷரைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“எவனோ திருப்பிப் போட்டுட்டான் சார். வாய் கீழப் பாக்கணும். மேலப் பாத்தா காத்து எப்படி நிக்கும்?” என்று உள்ளங்கையை ஒரு புரட்டுப் புரட்டிக் காட்டினார்.

மெஷினின் மூன்று சீல்களையும் நான் வாய் மேலே பார்க்கத்தான் மாட்டியிருந்தேன். அடிச் சீலைத் திருப்பிப் போடு. ஏழு வாரமாக மாமா சொன்னது அவ்வளவுதான். வேறு சொல் இல்லாததால் கையால் சொன்னார். மில்லில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவமானத்தில் காது சுட்டது. காற்று அடிக்காமலே வண்டியைத் திருப்பி, வீட்டில் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போனேன்.

“மாமா, சீலு! கீழ இருக்கற சீலு! தலைகீழாப் போட்டுட்டேன், அதானே?”

அவர் என்னையே பார்த்தார். “நோன்” என்றார், மெதுவாக. கண்ணில் தண்ணீர் நின்றது.

முக்கால் மணி நேரத்தில் திருப்பி மாட்டினேன். சூடேறியதும் தூளைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன். முதல்முறையாக அது என் கையை எதிர்த்தது. விட்டதும் அவசரமில்லாமல் மேலே ஏறியது. கருப்பாக, தடிமனாக, மேலே செம்பழுப்பு நுரையோடு காபி இறங்கியது. வீடு முழுக்க வாசனை. நான் கோப்பையை மாமாவின் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். அவருடைய இடது கை அதை நோக்கி நேராக வந்தது, எங்கும் வழி தவறாமல்.

அக்கா நடுவில் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

“குடுக்கக் கூடாதுடா. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். சீலைத் தவிர வேறு எதுவும் என் தலையில் இல்லை. அக்கா அடுப்படியில் நின்று அந்தக் காபியில் மாவைக் கரைத்துக் கிளறினாள். களி மாதிரி ஆனது. ஒரு ஸ்பூன் எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் அதை நாக்கில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சட்டையிலேயே துப்பிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா ஸ்பூனைக் கழுவப் போனாள், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். நான் ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டேன். “வரேன் மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாமா அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தார். மெஷினை யாரும் போடவில்லை. மகள் வந்தபோது அதை டவுனில் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறு. அந்தக் காபிக்குப் பிறகு மூன்று ஞாயிறு நான் அங்கே போகவில்லை. ஷிஃப்ட் மாறிவிட்டது என்று அக்காவுக்குப் போனில் பொய் சொன்னேன். நான்காம் ஞாயிறு போனபோது அக்கா கேட்டாள்:

“தெருவுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தாருடா. ஒரு வாரமாவது வந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?”

மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் மாறிவிட்டது என்று அவர் முன்னாலேயும் சொன்னேன்.