நான் தட்டாமல் விட்ட வார்த்தை

வில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கொடைக்கானலில் டைப்ரைட்டரில் மனு தட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா, ரேஷன் கார்டு, அடிதடி என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வாசகம் தயாராக இருக்கும். யார் யாரை எப்படித் திட்டியிருந்தாலும் "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று தட்டிவிடுவேன். கெட்ட வார்த்தையைக் காகிதத்தில் ஏற்றாத நாகரிகமான கை என்று எனக்கு ஒரு பெருமை வேறு. த்தூ!

கேரட் கழுவும் வேலைக்குப் போகிற ஒரு பெண் வீங்கிய கன்னத்தோடு வந்தாள். மேல்மலைக்காரி. அங்கே தோட்டத்து ஜீப்பில் அவள் சாதி ஆட்கள் பின்னால் மூட்டைமேல்தான் உட்கார வேண்டும். எழுதி வைக்காத சட்டம். நானும் சொந்தத் தோட்டத்தில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள்தான், அப்படிப்பட்ட ஜீப்பில் முன்சீட்டில் போய் வந்தவள், ஒரு நாளும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று கொட்டுகிற மழையில் அவள் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறியிருக்கிறாள். தோட்டத்து முதலாளி எல்லோர் முன்னாலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, செருப்பால் அடித்திருக்கிறார். அவர் சொன்ன வார்த்தையை என்னிடம் மூன்று தரம் சொன்னாள். "விடும்மா, புரியுது" என்று நான் வழக்கமானதையே தட்டினேன்.

மறுநாள் ஸ்டேஷனில் கொடுத்த ரசீதோடு வந்து நின்றாள். "வாகனத்தில் இடம் பிடிப்பது தொடர்பான வாய்த்தகராறு" என்றிருந்தது. மனுவில் சாதி பற்றி ஒரு வரியும் இல்லையாம், அதனால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட முடியாதாம். ஒரு பெண்ணைச் செருப்பால் அடித்ததை, பஸ் சீட்டில் துண்டு போட்ட சண்டையாக்கிவிட்டார்கள். அதற்கு வழி போட்டுக் கொடுத்தவள் நான்.

அந்தச் சாதிப் பெயரோடு புது மனு தட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் இருந்தவர் இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"நேத்து இல்லாத வார்த்தை இன்னைக்கு எப்படிம்மா மொளச்சுச்சு? யாரு சொல்லிக்குடுத்தா?"

"அவ நேத்தே சொன்னா சார். நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

"அப்ப ஒன் மேலதான் கேஸ் போடணும். சோலி கெடக்கு, ரெண்டு பேரும் வெரசா கெளம்புங்க."

ரசீதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எங்கள் மலையில் சாதிச் சண்டையெல்லாம் கிடையாது என்று சுற்றுலா வந்தவர்களிடம் நானே பீற்றியிருக்கிறேன். எப்படி இருக்கும்? ஆபீசுக்கு ஆபீஸ் என்னைப் போல ஒருத்தி வாசலில் உட்கார்ந்து, வருகிற கொடுமையை எல்லாம் அலசிப் பிழிந்து உள்ளே அனுப்பினால் கணக்கில் எது மிஞ்சும்? இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை பேருடையதை அழித்தேனோ, நினைத்தால் என் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

வெளியே வந்ததும், பெரிய அதிகாரிக்கு எழுதலாம், நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் கன்னத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னத ஏங்க்கா எழுதல?"

"எழுதுனா அசிங்கமா இருக்குமேன்னுதான்மா."

"யாருக்குங்க்கா?"

எனக்குத்தான்.