நிச்சயதார்த்த கேக்கை வைத்த பெட்டி

என் தம்பிக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. திண்டிவனத்தில் சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறான் என்றால் தலையாட்டுவார்கள். கூடவே ஃப்ரீசர் பெட்டியும் விடுகிறான், சாவு வீட்டில் உடலைக் கிடத்தும் கண்ணாடி மூடிப் பெட்டி, என்றதும் காபித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒரு அம்மாள் என் முகத்துக்கு நேராகவே, "பொணத்தத் தொட்ட கையால எம் பொண்ணுக்குத் தாலி கட்டணுமா?" என்று கேட்டாள். அவள் மாமியார் செத்தபோது போனது எங்கள் பெட்டிதான்.

கடைசியில் கோலியனூர்ப் பக்கம், சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் ஒரு குடும்பம் சம்மதித்தது. பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தம்பியோடு போனில் பேசிப் பழகியிருந்தாள். அவளுடைய அம்மா மட்டும் என்னைத் தனியாக அழைத்து, "சாமியானான்னுதான் சொல்லி வெச்சிருக்கிறோம். பொட்டி விஷயத்த எங்க ஜனங்க காதுல போட்டுடாதீங்க" என்றாள். தம்பிக்கு அப்போதே முன்தலை வழுக்கை. இதுவும் தட்டிப்போனால் அவனுக்குக் கல்யாணமே இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் வீட்டில் கேக் செய்து விற்பவள். நிச்சயத்துக்கு என் கேக்தான் என்று அடம்பிடித்தேன். நல்ல வெயில் காலம். இரண்டு இதயங்கள் ஒட்டிய வடிவம், நடுவில் மாம்பழத் துண்டும் ஃப்ரெஷ் கிரீமும், மேலே இதயத்துக்கு ஒன்றாக இருவர் பெயரும். ஃப்ரெஷ் கிரீமுக்குப் பொறுமை கிடையாது. அலங்கரித்த கையோடு குளிரில் வைக்காவிட்டால் பூவெல்லாம் வழிந்துவிடும், பழம் புளித்துவிடும். கேக் பலகையோ என் ஃப்ரிட்ஜுக்குள் நுழையவில்லை. இரண்டு இதயத்தையும் தனித்தனியாகக் கொண்டுபோய், நிச்சயம் நடக்கும் விழுப்புரம் மண்டபத்தில் ஒட்டினால் ஒட்டுத் தெரியும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போனால் வழியில் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் இளகிவிடும்.

தம்பிதான் வழி சொன்னான். "அக்கா, புதுப் பொட்டி ஒண்ணு எறக்கியிருக்கிறேன். இன்னும் எந்த ஊட்டுக்கும் போவல. ராத்திரியே ஓட விட்டுட்டா வழி பூரா சில்லுனு நிக்கும், வேன்லயே வெச்சி எடுத்துக்கினு போயிடலாம். மண்டபத்துல பிளக்க சொருவிட்டா ஆச்சி."

நான் உடனே சரி என்றேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெட்டி. என் ஃப்ரிட்ஜில் மீன் வாடையும் பூண்டு வாடையும் மாறி மாறி அடிக்கும். இந்தப் பெட்டியில் எந்த வாடையும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன், கேக் வைக்க அதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

விழுப்புரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் வேனை நிறுத்தி, ஒயர் இழுத்து, பெட்டிமேல் போர்வை போட்டு மூடினோம். தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணின் பெரியப்பா பீடி பிடிக்கப் பின்பக்கம் வந்தார். ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தவர் போர்வையைத் தூக்கிவிட்டார்.

"ஐயையோ, பொணப் பொட்டிய்யா!"

ஜனம் ஓடி வந்தது. உள்ளே கேக்தானே இருக்கிறது, கண் தெரியவில்லையா என்று நான் கத்தினேன். தம்பி கையைக் கூப்பிக்கொண்டு, "புதுசுங்க மாமா. சத்தியமா புதுசு. இதுல இன்னும் யாரையும் வெக்கல" என்றான்.

பெரியவர் கண்ணாடி வழியே குனிந்து பெயர்களைப் படித்தார். நிதானமாகத்தான் கேட்டார்.

"அப்போ உன்னையும் எங்க பொண்ணையும்தான் மொத மொதல்ல உள்ள வெச்சிருக்கிறியா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், கும்பலே சிரித்தது. சிரித்து முடித்ததும் வசவு ஆரம்பித்தது. "சாமியானான்னு சொல்லி ஏமாத்திக்கினு வந்துட்டானுங்க" என்றார்கள். மறைக்கச் சொன்ன அந்த அம்மாவே, அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு வெறி வந்தது. தம்பிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பட்டுப்புடவையோடு பின்வாசலில் நின்ற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்னாடியே தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லிவிடுவாள் என்று நானும் நம்பினேன்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெரியப்பா வழி விட்டார். தம்பி பக்கம் திரும்பாமல் நேராக என்னிடம் வந்து நின்றாள். நேற்றுவரை என்னை அண்ணி என்று கூப்பிட்டவள்.

"அக்கா, எம் பேர மட்டும் வழிச்சி எடுத்துடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று கைகட்டி நின்றாள். கேக்கை வெளியே எடுத்தோம். கிரீம் விறைப்பாக நின்றிருந்தது, ஒரு பூக்கூடக் கலையவில்லை. கிரீம் தடவும் கத்தியைக் கையில் எடுத்தேன். கேக் ஆடிவிடாமல் இருக்க, தம்பி குனிந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.