கால் எடுக்க வைக்கும் வரி

"செகண்ட் போடு. போட்டியா? இப்போ கேளு" என்று சொல்லிவிட்டுக் க்ளட்ச் அக்கா கவிதையை ஆரம்பித்துவிடுவார். கேட்பவருக்குத் தப்பிக்க வழியில்லை. கை ஸ்டியரிங்கில், கண் முன்னால் போகும் பஸ்ஸின் முதுகில், காது மட்டும் அக்காவிடம்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் க்ளட்ச் மிதிக்கப் பழகினார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கவிதை அவர் பித்து. இரண்டும் அந்தச் சின்ன வெள்ளைக் காருக்குள் ஒரே சமயத்தில் நடக்கும். புது வரி எழுதினால் "எப்படி இருக்கு?" என்று யாரையும் கேட்க மாட்டார். ஓட்டுபவரின் வலது காலைப் பார்ப்பார். வரி காதில் விழுந்ததும் அந்தக் கால் தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பினால், வரி தேறிவிட்டது. "மேடம், லெஃப்டா ரைட்டா?" என்ற கேள்வி வந்தால் வரி செத்தது. அன்றைக்கே நோட்டிலிருந்து அடித்துவிடுவார்.

"வாய் 'சூப்பர்க்கா'ன்னு சொல்லிடும். என்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்ல! காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இந்தக் காலத்துக் கலையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை அவர். கண் விரிந்துவிடும். "சலூன்காரர் பொண்ணு ராப் பாடுது, கேட்டியா? புல்லரிச்சுப் போச்சு எனக்கு! மாடி வீட்டம்மா துணி காயப்போட்டுக்கிட்டே போன்ல கதை சொல்லுது. ஊரே கேக்குது! இப்பதான்யா எல்லாரும் வாயைத் திறந்திருக்காங்க." குறை ஒன்றே ஒன்று. "முடிக்கறதுக்குள்ள கை தட்டிடறாங்க. கடைசி வரி பாவம், உள்ள வர முடியாம வாசல்லயே நிக்குது."

"முப்பது செகண்டுல முடிம்மா, இல்லன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க" என்பாள், போனில் அவரைப் படம்பிடிக்கும் மகள்.

"தள்ளட்டும்டி. தள்ளுற விரல் ஒரு தடவையாவது நிக்கும்ல?"

மாதம் ஒருமுறை நூலக மாடி அரங்கில் அக்கா கவிதைக் கூட்டம் நடத்துகிறார். அதற்குத்தான் இப்போது ஆபத்து. அந்த மாலையை உடற்பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிட அரங்க மேலாளர் நினைக்கிறார். இன்று சாயங்காலம் முடிவு சொல்லிவிடுவார். அந்த மேலாளர் அக்காவிடமே கார் பழகுகிறார் என்பது இதில் பெரிய கூத்து. மனிதர் இரண்டு முறை தேர்வில் கோட்டைவிட்டவர். இரண்டு முறையும் மேட்டில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மறந்து, பின்னால் உருண்டவர். அவசர விளக்குகளை மின்ன வைக்கும் சிவப்பு முக்கோணப் பொத்தானை மட்டும் முதல் நாளே ஆசையாகத் தொட்டு, "அது விளையாட்டுச் சாமான் இல்ல சார். பெரிய ஆபத்துன்னா மட்டும்தான்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

இன்று மத்தியானம் மேம்பாலத்துக்கு ஏறும்போது அவரே ஆரம்பித்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க கூட்டத்துக்கு வர்றதே நாலு பேரு. அதுல ரெண்டு பேரு ஏ.சி.க்கு வர்றாங்க."

"ஏ.சி.க்கு வந்த ரெண்டு பேருந்தான் சார் இப்போ எழுதறாங்க. ரோட்டைப் பாருங்க."

கெஞ்ச அக்காவுக்கு வராது. ஆனால் காலையில் எழுதிய கவிதை ஒன்று நெஞ்சுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. இன்னும் எந்தக் காலும் தொட்டுப் பார்க்காத கவிதை. சொல்லத் தொடங்கினார்.

"எதிர்வீட்டு இருமல் எனக்குத் தெரியும்.
அது எழும் நேரம் தெரியும், அடங்கும் நேரம் தெரியும்..."

"மேடம், மேல போய் லெஃப்டா?"

போச்சு. அக்காவின் சட்டப்படி கவிதை அங்கேயே செத்துவிட்டது. அவருக்கு வாசலில் நிற்கும் கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டுப் போக மட்டும் மனம் வரவில்லை.

"நேரா போங்க" என்றார். பிறகு,

"இருமல் நின்ற அன்றுதான்
அவர் பேரைக் கேட்டேன்."

கால் எழும்பியது! லேசாக இல்லை, முழுசாக எழும்பியது. மேட்டில் கார் குலுங்கித் திணறி நின்றேவிட்டது. அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். பின்னால் வரிசையாக ஹார்ன்.

"ஆஃப் ஆயிடுச்சு சார்! வண்டி ஆஃப் ஆயிடுச்சு!" பரிசு விழுந்தவரைப் போலக் கத்தினார்.

மேலாளர் இரண்டு தேர்விலும் மறந்த ஹேண்ட் பிரேக்கை நிதானமாக இழுத்தார். சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் டிக் டிக்கென்று மின்னத் தொடங்கின. பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.