மேசை விரிப்பில் மல்லிகைக் கொடி

சின்ன வயதில் செய்த திருட்டுத்தனங்கள் பலவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இதை மட்டும் சொல்ல இன்னும் கூசுகிறது.

எழுபதுகளின் கடைசி. ஏழாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் பாயில் கிடந்தேன். கணக்கு டீச்சர் பள்ளி விட்டதும் பாண்டிச்சேரி டவுனிலிருந்து ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு வரை சைக்கிள் மிதித்து வந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் புண்ணியத்தில்தான் அந்த வருடம் தேறினேன்.

அம்மா கான்வென்ட் தையல் அறையில் எம்ப்ராய்டரி போட்டுவந்தாள். அவள் போட்ட விரிப்புகள் பிரான்சுக்குப் போகும். எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. நன்றி சொல்ல அவளுக்குத் தெரிந்த வழியும் அந்த ஊசிதான். இரண்டு மாதம் சாயங்காலங்களில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, டீச்சருக்காக ஒரு மேசை விரிப்பில் மல்லிகைக் கொடி போட்டாள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

பள்ளியின் கடைசி நாளில் மற்றப் பெண்கள் கண்ணாடித்தாள் சுற்றிய பரிசுகளை நீட்டினார்கள். என்னுடையது பழைய பேப்பர் பொட்டலம். டீச்சர் பிரித்துப் பார்த்து, "அடேயப்பா! யாரு போட்டது? அம்மாவா?" என்றார்.

தையல் அறைக்குப் போகிறவர்கள் கதியற்றவர்கள் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்ல டீச்சர், கடையில வாங்கினது." வாய் முந்திக்கொண்டது.

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "இவ்ளோ வெல போட்டு ஏம்மா வாங்கினீங்க? எனக்கு மனசு கேக்கல. கடையிலயே திருப்பிக் குடுத்துடச் சொல்லு" என்று மடித்து, அவரே என் பையில் வைத்தார்.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "டீச்சர் என்னாடி சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

இரண்டு நாள் கழித்துப் பையைத் துவைக்க எடுத்தவள் கையில் விரிப்பு அகப்பட்டது.

"வேணாம்னுட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய்யில்லையே!

அம்மா விரிப்பை மடித்தபடியே ஓரமாக வைத்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "எம்மனசு நோவும்னுதான் சொல்லாம வச்சிருந்தியா, தங்கம்?" என்றாள். அதற்கும் தலையாட்டினேன், பாவி.

அதன்பிறகு கடைத்தெருவில் டீச்சரின் சைக்கிளைக் கண்டால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இருவரும் பேசிக்கொண்டால் குட்டு உடைந்துவிடுமே என்று பயந்துகிடந்த எனக்கு, அப்பாடா என்று இருந்தது. அவள் ஏன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை.