டிசம்பரிலேயே நின்ற கணினி

அரசு இணையதளம் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். ஏதோ ஒரு கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் என்று இருக்கக் கூடாது. இது விதி. மைசூரில் நான் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகத்துக்கும் அந்தச் சுற்றறிக்கை வந்தது. படித்ததாக எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். விதிக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதோடு முடிந்தது.

யானை

எங்கள் பணிமாற்ற விண்ணப்பப் பக்கம் முழுவதும் பிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்தது. திறந்தால் தசரா யானை அம்பாரியோடு திரையின் இடமிருந்து வலமாக நடக்கும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் லாகின் பெட்டி வரும். யானையை அவசரப்படுத்த வழி கிடையாது.

டெலிபோன் ஆபரேட்டர் மாதேவிக்கு யானையும் இல்லை, பெட்டியும் இல்லை. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்வார். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசும் மார்டள்ளி கிராமத்துக்காரர். மகள் கொள்ளேகாலில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மாதேவி மைசூரில் மகளிர் விடுதியில். கொள்ளேகால் கிளைக்கு மாற்றல் கிடைத்தால் தாயும் மகளும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

"ஏனுங்க சார், பேங்க் வேலையெல்லாம் போன்ல நானே பாத்துக்கறேன். பஸ் டிக்கெட் நானே போடறேன். நம்ம ஆபீஸ் பக்கம் மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குதுங்களே?" என்று ஒருநாள் கேட்டார்.

காரணம் எளிது. எங்கள் பிளாஷ் பக்கம் பிரவுசருக்குள் வைத்த சீல் போட்ட பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரவுசருக்கே தெரியாதபோது ஸ்க்ரீன் ரீடர் எதை வாசிக்கும்? பக்கத்தை எந்தப் பிரவுசரும் படிக்கும் சாதாரண எச்.டி.எம்.எல்.லில் மாற்ற அனுமதி கேட்டுப் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன்.

அலுவலகத்தில் பேச்செல்லாம் கன்னடம். மாதேவியும் நானும் மட்டும் தமிழ். மற்றவர்கள் பேச்சை நான்தான் தமிழாக்கித் தருகிறேன். எங்கள் துணை இயக்குநர் சொன்னது இது: "பதில் வரட்டும் ஸ்வாமி. ஆனா எத மாத்தினாலும் ஆனை இருக்கணும். மந்திரி வந்தப்போ அதப் பாத்துத்தான் சிரிச்சார்."

டிசம்பர்

2020 முடிவில் பிளாஷை அதன் சொந்தக் கம்பெனியே கைவிட்டது. ஜனவரியில் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருந்தது. அந்தப் பூட்டு கணினியின் தேதியைப் பார்த்துத்தான் விழுகிறது என்பதை எழுத்தர் பசவராஜு கண்டுபிடித்தார். மூலையில் இருந்த ஒரு கணினியின் தேதியைத் தினமும் காலையில் டிசம்பருக்குத் திருப்பி வைத்தார். 'தேதியைத் தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டி, பக்கத்தில் குங்குமமும் வைத்தார். யானை மறுபடி நடந்தது. துணை இயக்குநர் எல்லோருக்கும் காபி வரவழைத்தார். உலகம் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கணினிக்கு மட்டும் புத்தாண்டு வரவேயில்லை.

2022 கோடையில், மாற்றலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. எல்லோரும் அந்த ஒரு கணினியின் முன் வரிசையில் நின்றோம். மாதேவிக்காகப் பசவராஜு உட்கார்ந்து நிரப்பினார். நல்ல மனிதர், மெதுவாகப் பேச மட்டும் தெரியாது.

"மேடம், இங்க ஒண்ணு கேக்குது. புருஷன் கூட இருக்காரா, விட்டுட்டுப் போயிட்டாரா, இல்ல கோர்ட்ல கேஸ் நடக்குதா?"

"அத அப்புறம் சொல்றேனே."

"ஸ்டார் போட்டிருக்கு மேடம். விட முடியாது."

மாதேவி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

"ஓ, ரெண்டாவது ஆப்ஷனா!" என்றார் பசவராஜு, ஊர்ஜிதம் செய்துகொள்ளும் குரலில்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மாதேவி நிமிர்ந்தார். "மைக் ஒண்ணு வாங்கித் தரட்டுமா சார்? கேட் வாட்ச்மேனுக்குச் சரியாக் கேட்டிருக்காது."

அடுத்த வாரம் எங்கள் விண்ணப்பங்கள் மொத்தமாகப் பெங்களூரிலிருந்து திரும்பின. காரணம்: அறிவிப்பு வெளியாகும் முன்பே பெறப்பட்டவை. எங்கள் பக்கம் விண்ணப்பத் தேதியைக் கணினியிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளும். கணினி டிசம்பர் என்று சொல்லியிருக்கிறது. நிராகரிப்பு விதிப்படி சரி. அந்த இருக்கையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

கடைசித் தேதிக்குச் சில நாட்களே இருந்தன. இதைத் தவறவிட்டால் மாதேவிக்கு இன்னும் ஒரு வருடம் விடுதிதான். துணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய விண்ணப்பமும் திரும்பியிருந்தது.

"ஆனை போகட்டும் ஸ்வாமி. அனுமதி வரும்போது வரட்டும். நீங்க பண்ணுங்க."

குரல்

பக்கத்தை எழுத அதிக நேரம் ஆகவில்லை. தலைப்பு எது, பெட்டி எது, பொத்தான் எது என்று பிரவுசருக்கு வெளிப்படையாகச் சொல்லும் எழுத்து அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் பெயரைச் சொல்லும் லேபிள். தேதியை எங்கள் கணினியிடம் கேட்காமல் சர்வரே போடும். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து. யானையை நடக்கவிட்ட ஒப்பந்தக்காரர் பார்த்திருந்தால் துக்கம் விசாரித்திருப்பார்.

மாதேவி தன் கணினியில் அதைத் திறந்து, கீழே நகரும் அம்பு விசையை அழுத்தினார்.

"பணிமாற்ற விண்ணப்பம், தலைப்பு," என்றது கன்னடக் குரல். "பெயர், எழுதும் பெட்டி. விரும்பும் ஊர், பட்டியல்."

மாதேவியின் கை விசைமேல் அப்படியே நின்றது. "சார், பேசுதுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருட அரசுப் பணியில் எனக்கு அப்படி ஆனதில்லை. அந்தக் குரலுக்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. தலைப்பைத் தலைப்பு என்றே குறிப்பது என யாரோ எங்கோ கூடிப் பேசி முடிவு செய்து, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தார்கள். அதைப் படித்து வேறு யாரோ ஸ்க்ரீன் ரீடர் செய்தார்கள். இன்னும் யாரோ அதற்குக் கன்னடம் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். மைசூரில் மாதேவி என்று ஒருவர் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேர் வேலையும் அந்த மேஜைக்கு வந்து கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பிரிவுகள் பேசி ஒரு அலமாரியை இடம் மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

குரல் "குடும்ப நிலை" என்று தொடங்கியது. மாதேவி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பின்னால் விசை இரண்டு மூன்று முறை தட்டுப்பட்டது. என்ன கேட்டது, என்ன பதில் கொடுத்தார் என்பது அவருக்கும் கணினிக்கும் மட்டும் தெரியும்.

"அனுப்பிட்டேனுங்க," என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பாடம். நீங்கள் வைக்கும் பெட்டிக்கு லேபிள் போடுங்கள். உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்.

நான் கேட்ட அனுமதிக்கு இன்றுவரை பதில் இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். மாதேவியின் விண்ணப்பத்துக்குக் கொள்ளேகால் என்று பதில் வந்தது ஆஷாட மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, பாதி அலுவலகம் லீவ் போட்டு அம்மனைப் பார்க்கச் சாமுண்டி மலைக்குப் போயிருந்த அன்று.