பானைக்கு ஒரு முழுக்கு

ஒன்பது வயதில் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அம்மாவுக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தெரியும். மீதி உலகம் முழுவதையும் நான் சொல்லித்தான் அவர் அறிந்துகொண்டார். அந்தப் பதவியால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது உண்மைதான்.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை என்பதால், அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போவார். துனிசியாவிலிருந்து வந்த ஒரு யூத மதாமின் வீடு அது. மதாமின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியபோது, அம்மா தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் போய் ஒரு பாத்திரக் கடையில் முக்கால் மணித்தியாலம் தட்டித் தட்டிப் பார்த்து ஓர் எவர்சில்வர் பானை வாங்கினார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

மதாம் பானையைக் கண்டதும் அம்மாவைக் கட்டிக்கொண்டார். பிறகு, சமையலறையில் வைக்குமுன் அதை முழுக்குத் தொட்டியில் அமிழ்த்த வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். யூதர் அல்லாதவர்களிடமிருந்து வரும் பாத்திரமென்றால் அப்படித்தான் என்றார். நான் ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அம்மாவின் முகம் இருண்டது. "கை பட்டதைக் கழுவுற ஆக்களை நான் ஊரிலையே கண்டிட்டன், பிள்ளை. இஞ்சையும் அதுதான் எண்டால் எனக்கு இந்த வேலை வேண்டாம். இண்டையோடை சரி."

இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை.

மதாமோ ஒன்றும் அறியாமல், முழுக்கவேண்டிய புதுப் பாத்திரங்கள் இருந்த பைகளைத் தூக்க உதவிக்கு அழைத்தார். கடைசி நாள்தானே என்று அம்மாவும் தூக்கினார். இரண்டு தெரு தள்ளி, யூதப் பெண்கள் சடங்காக முழுகும் கட்டடம். அதன் முற்றத்தில் பாத்திரங்களுக்கென்று தனியாக ஒரு சிறிய தொட்டி. அதில் மழைத் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டுமாம். குழாய்த் தண்ணீர் மட்டும் போதாதாம்.

பைகளிலிருந்து பெரிய பிரெஞ்சுக் கடைகளில் வாங்கிய கண்ணாடிக் குவளைகளும் விலை கூடிய கத்திகளும் வெளியே வந்தன. எல்லாவற்றுக்கும் முழுக்கு உண்டு. எங்கள் பானையின் அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டை மதாம் நகத்தால் சுரண்டி, பசை போக எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினார். தண்ணீருக்கும் பானைக்கும் இடையில் ஒன்றுமே நிற்கக் கூடாதாம். அந்தப் பொறுமையை அம்மா கவனித்துக்கொண்டே நின்றார்.

"எங்களை ஊத்தை எண்டு நினைக்கினமோ எண்டு கேள்."

கேட்டேன். மதாம் திடுக்கிட்டார். ஊத்தையான எதற்கும் இங்கே இடமே இல்லை என்றார். மனிதரும் குளித்து, நகப்பூச்சு அழித்து, கல்யாண மோதிரத்தையும் கழற்றிய பிறகுதான் முழுகுவார்களாம். தன் கல்யாணத்துக்கு முன் தானும் அப்படித்தான் முழுகியதாகவும், மகளும் நாளைக்கு வருவாள் என்றும் சொன்னார். புதிய வாழ்க்கைக்குள் போகிற பெண்ணும் தண்ணீர் வழியாகத்தான் போகிறாள், பானையும் அப்படித்தான் என்றார். இன்றைக்கும் எனக்கு அது அழகான வழக்கமாகத் தெரிகிறது.

பிறகு பானையை அம்மாவிடம் நீட்டினார்.

"ஆசீர்வாதத்தை மதாம் சொல்லுறாவாம். உங்கடை பரிசு, நீங்களே முழுக்குங்கோவாம்."

"நானோ? என்ரை கையாலையோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா."

அம்மா கைகளை நனைத்துக்கொண்டார். தண்ணீர் எல்லாப் பக்கமும் படும்படி பானையை இறுக்காமல் பிடித்து முழுக்கினார். மதாம் கண்ணை மூடி முணுமுணுத்தார். அந்த வீட்டு வேலையை அம்மா அதற்குப் பிறகும் பல வருடங்கள் விடவில்லை.

பானையை எடுத்துக் கொடுத்த பிறகும் அம்மா கைகளை மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றார். ஊரில் பொதுக்கிணற்றின் கட்டைக்கூட எங்கள் ஆட்கள் தொடக் கூடாது என்றோ, யாராவது இரங்கி அள்ளி ஊற்றும்வரை அம்மா குடத்தோடு எட்ட நின்றவர் என்றோ எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்து, தண்ணீர் அவ்வளவு குளிர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கையை எடுங்கோ அம்மா," என்றேன். "பஸ் போயிடும்."